அணைக்குக் கீழே ஓர் ஆறு

தமிழில் அணைக்கட்டைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அணைக்கு மேலே நின்று எழுதியிருக்கிறார்கள். அங்கே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, முழுகிப்போன ஊர். இன்னொன்று, கட்டி முடித்த சுவர். வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ முதல் இடத்தில் நிற்கிறது. வைகை அணைக்காக 1950களில் காலி செய்யப்பட்ட கிராமங்களின் கதை அது. அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ இரண்டாவது இடத்தில் நிற்கிறது. பெரியாற்றைத் திருப்பி மலையைக் குடைந்து வைகைப் பக்கம் கொண்டுவந்த பென்னிகுவிக்கும், 1895இல் முடிந்த அந்த வேலையும் அதன் பொருள். முன்னதில் கண்ணீர், பின்னதில் வியப்பு. இரண்டுக்கும் வாசகர்கள் நிறையவே கிடைத்தார்கள்.

இந்த நாவல்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அணை கட்டியபிறகு அதற்குக் கீழே ஆறு என்ன ஆனது என்ற கேள்வியை நம் எழுத்து ஏன் கேட்பதேயில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் இலக்கியக் கேள்வியும் இல்லை. அவர்கள் இருப்பதே அந்த எழுதப்படாத இடத்தில்தான்.

மறுமுனையை, அதாவது குழாயின் வாயை, அசோகமித்திரன் எழுதிவிட்டார். ‘தண்ணீர்’ நாவலில் ஜமுனாவும் சாயாவும் வாழும் சென்னைத் தெருவில் குடமும் பம்பும் தோண்டிப் போட்ட பள்ளமும் தவிர தண்ணீருக்கு வேறு முகமே கிடையாது. அது எங்கிருந்து வரவேண்டும், ஏன் வரவில்லை என்று நாவல் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. தெருவில் குடத்தோடு நிற்கிறவளுக்கு அந்த விவரம் எட்டாது என்பதால் அந்த மௌனம் நாவலுக்குப் பலமாகிறது. ஆனால் ஒரு நாவலின் பலமே ஒரு மொழியின் பழக்கமாகிவிட்டால் சிக்கல். முழுகிய ஊர் தெரியும், வறண்ட குழாய் தெரியும், நடுவில் இருப்பது தெரியாது என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

நடுவில் இருப்பதைச் சொல்கிறேன். கொசஸ்தலை ஆறு கேசவரத்தில் பிரிகிறது. ஒரு கிளைக்குக் கூவம் என்று பெயர். எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் போகவேண்டும் என்பதை அங்கே உள்ள அணைக்கட்டு தீர்மானிக்கிறது. நகரத்தின் குடிநீர் பூண்டியில் சேரவேண்டும் என்பதால் கொசஸ்தலைப் பக்கத்துக்கே முன்னுரிமை. பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக முயன்று தொடங்கிய வேலை, அவர் இறந்ததற்கு மறுவருஷம், 1944இல் முடிந்தது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கிருந்து ஒரு கால்வாய் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 1983 ஒப்பந்தத்தின்படி ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலை, கண்டலேறு வழியாகக் கிருஷ்ணா நீர் 1996இல் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. ஆக, வேறு மாநிலத்து ஆற்றின் தண்ணீர் கான்கிரீட் கால்வாயில் இந்த வட்டாரத்தைத் தாண்டிப் பட்டணத்துக்குப் போகிறது. இந்த வட்டாரத்தின் சொந்த ஆறான கூவமோ மணவாளநகர், பருத்திப்பட்டு, திருவேற்காடு, நொளம்பூர் என்று வருகிற வழியெல்லாம் மழைக்காலம் தவிர்த்துச் சாக்கடையைத்தான் சுமக்கிறது.

பட்டாபிராம் பக்கத்தில் அணைக்கட்டுச்சேரி என்றே ஓர் ஊர் இருக்கிறது. பெயரிலேயே அணைக்கட்டு. ஆனால் கூவத்தை ‘சாக்கடை’ என்று சொல்லிப் பழகிய நமக்கு, அது ஒரு காலத்தில் அணை போட்டுத் தேக்குகிற அளவுக்கு ஆறாக இருந்தது என்ற நினைப்பே வருவதில்லை. ஓர் ஆறு மொழியில் செத்துப்போவது இப்படித்தான். முதலில் தண்ணீர் நிற்கிறது, அப்புறம் பெயர் வசவாகிறது.

பிறகு இந்த வட்டாரத்தில் அணை எப்போது பேச்சில் வருகிறது? ஷட்டர் திறக்கும்போது. “பூண்டி நெறஞ்சிடுச்சாம்”, “ஏரியத் தொறந்துட்டாங்களாம், எத்தன கன அடியாம்?” என்று ஐப்பசி, கார்த்திகையில் டீக்கடை முழுக்க நீரியல் நடக்கும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் விடப்பட்டது. அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரழிவு என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது. அந்த அறிக்கையை ஓர் இலக்கியப் பிரதிபோல வாசித்துப் பார்க்கலாம். எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு விடப்பட்டது, எந்த மணிக்கு என்ற கணக்கு அதில் உண்டு. மொட்டைமாடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. அது அறிக்கையின் வேலையும் இல்லை. அந்த வேலைக்குரியவர்கள் நாம்தான். நாமோ படகு, உணவுப் பொட்டலம், மனிதநேயம் என்று நெகிழ்ந்து எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம். திறந்த மதகுக்கும் நனைந்த வீட்டுக்கும் நடுவில் யாருடைய முடிவு இருந்தது என்று கேட்கிற கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

வெள்ளமாவது ஒரு ராத்திரியின் கதை. இன்னொன்று மெதுவாக நடப்பது. பூண்டிக்குக் கீழே கொசஸ்தலை தாமரைப்பாக்கம், காரனோடை, மீஞ்சூர் வழியாக எண்ணூரில் கடலைச் சேர்கிறது. மேலே தண்ணீர் நின்றுபோனது, ஆற்றுமணல் போனது, கீழே நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆழ்குழாய்கள் உறிஞ்சின. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிவிட்டது. கிணறு உப்பானதற்குத் தேதி கிடையாது. ஊர் முழுகியதென்றால் ஒரு நாள் இருக்கும், ஒரு கடைசி வண்டி இருக்கும், திரும்பிப் பார்க்கிற ஒரு கிழவன் இருப்பான். கிணறு உப்பாவதில் அப்படி ஒரு காட்சி இல்லை. இந்த வருஷம் கொஞ்சம் கரிக்கிறது, அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம், அப்புறம் நிலத்தைப் பிளாட் போடுகிறார்கள். நம் நாவலாசிரியர்கள் உச்சகட்டத்துக்குப் பழகியவர்கள். இங்கே உச்சகட்டம் கிடைக்காததால் கதையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கதை இருக்கிறது, வடிவம்தான் வேறாக இருக்கவேண்டும். தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யை இதற்கு முன்மாதிரியாக வைக்கலாம். காவிரியோடு கூடவே போனதால், மேட்டூர் அணை அந்தப் புத்தகத்தில் ஆற்றின் முடிவாகவோ பெருமையாகவோ நிற்காமல் வழியில் வரும் ஓர் இடமாக ஆனது. ஆற்றை அளவுகோலாக வைத்தால் அணை தன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

இந்த வட்டாரத்துக்கும் அப்படி ஒரு பழைய நடை உண்டு. கண் இழந்த சுந்தரர் திருவொற்றியூரிலிருந்து கிளம்பி, ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவிலுள்ள திருமுல்லைவாயிலில் பாடி, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, திருவாலங்காடு வழியாகக் காஞ்சிபுரம் போனார் என்பது பெரியபுராண வழி. அந்த வெண்பாக்கம்தான் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போன ஊர். கோயிலை மட்டும் எடுத்துக் கரையில் வைத்தார்கள். ஊன்றீசுவரர் இப்போது ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நமக்கு நன்றாக எழுத வரும் அந்த முழுகிய ஊர்க் கதைகூட இங்கே எழுதப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பூண்டியை வில்லனாக்கச் சொல்லவில்லை. நகரம் குடிக்கவேண்டும். அம்பத்தூர்க் குழாயில் வருவதும் அதே நீர்தான். 2019 கோடையில் ஏரிகள் காய்ந்தபோது லாரிக்குப் பின்னால் ஓடியவர்களிடம் போய் அணை தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குடிக்கிறவனுக்கும் ஒரு கடன் இருக்கிறது. தன் குடம் நிறைவதற்காக எந்த ஆறு நின்றது, எந்தக் கிணறு கரித்தது என்று தெரிந்துகொள்வதுதான் அந்தக் கடன். நீதிமன்றமும் தணிக்கையும் அதற்குக் கணக்கு கேட்கலாம். கணக்கில் வராததைச் சொல்ல இலக்கியம்தான் வேண்டும்.

சுந்தரர் கடற்கரையிலிருந்து மேலே நடந்தார். யாராவது ஒருவர் இப்போது எதிர்த்திசையில், கேசவரத்திலிருந்து எண்ணூர்வரை, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆற்றோடு நடந்து எழுதினால் போதும். அணைக்குக் கீழே தமிழ் இறங்கிவர அது நல்ல ஆரம்பமாக இருக்கும்.