திண்ணையும் பீரோவும்

தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்கிற ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, வாகை மரத்தூள் வாசம் வீசுகிற ஊர். பட்டறையில் பாதி செதுக்கிய பிள்ளையார். பக்கத்திலேயே கம்ப்யூட்டர். டிசைன் படங்கள் எல்லாம் அதில்தான். திரை பாஸ்வேர்டு கேட்டது. பெரியவர் உளியைக் கீழே வைக்காமல் சுவரைக் காட்டினார். செல்போன் நம்பர்களுக்கு நடுவே பென்சிலில் எழுதியிருந்தது!

"பேரன் போட்டு வெச்சதுங்க சார். இதை எடுத்துவிட முடியாதுங்களா?"

முடியும். ஆனால், விண்டோஸ் அதை எவ்வளவு மனசில்லாமல் செய்ய விடுகிறது என்பதுதான் என் புகார்.

விண்டோஸ் 98-ல் பாஸ்வேர்டு பெட்டி வந்தால் எஸ்கேப் தட்டினால் போதும், உள்ளே போய்விடலாம். அது பூட்டே இல்லை, சும்மா ஒரு கயிறு. 2001-ல் வந்த எக்ஸ்பி கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கா? சரி, எதிரே உட்கார்ந்திருப்பவர் மட்டும் நுழையலாம். நெட்வொர்க் வழியாக அந்தக் கணக்கில் யாரும் நுழைய முடியாது. அதாவது, வெளியாள் விஷயத்தில் '1234' என்று வைப்பதைவிட ஒன்றுமே வைக்காதது மேல்! இந்த விதி இன்றைக்கும் விண்டோஸுக்குள் இருக்கிறது. நம்மிடம் அது சொல்வதுதான் இல்லை.

2021-ல் வந்த விண்டோஸ் 11 ஹோம், புது மெஷினை ஆரம்பிக்கும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்டது. கூடவே ஒரு பின் நம்பர். இதைத் தாண்ட 'நெட்பிள்விஸ்' (பெயரைப் பாருங்கள்!) என்று அடித்து, வருகிற பெட்டியில் ஒரு டிக்கை எடுக்க வேண்டும். செட்டிங்ஸில் 'விண்டோஸ் ஹலோ மட்டும்' என்கிற ஸ்விட்ச் ஆனில் இருந்தால் அந்த டிக்கே கண்ணில் படாது. எடுத்த பிறகும் பாஸ்வேர்டு ஒழிவதில்லை. மெஷின் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நமக்குப் பதில் தானே போட்டுக்கொள்கிறது. நிர்வாகி உரிமையும் விவரமும் உள்ளவர் அதைத் தோண்டி எடுத்துவிடலாம். உங்கள் அவுட்லுக் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான் என்பதை மறக்க வேண்டாம்.

பூட்டு வேண்டும் என்பவர்கள் கட்சியிலும் நியாயம் உண்டு. பிரவுசரில் பேங்க் பாஸ்வேர்டைச் சேமித்துவிட்டு மெஷினைத் திறந்து போடுவது அசட்டுத்தனம். பஸ்ஸில் தூக்கிப்போகிற லேப்டாப் என்றால் பேச்சே இல்லை, பூட்டத்தான் வேண்டும். ஆனால், நம் வீடுகளில் திண்ணையும் உண்டு, பீரோவும் உண்டு. பீரோவில் நகை இருக்கிறது என்று திண்ணைக்கா பூட்டுப் போடுவோம்?

விண்டோஸில் இதற்கு வழி இருக்கிறது, இரண்டு கணக்கு. ஒன்று பாஸ்வேர்டு இல்லாத, நிர்வாகி உரிமையும் இல்லாத சாதாரண லோக்கல் கணக்கு. இன்னொன்று பூட்டோடு. முதல் கணக்கில் இருப்பவர் அடுத்ததன் ஃபைல்களைத் திறக்க முடியாது. புது மெஷின் இருப்பிடம் கேட்கிறது, விளம்பரத்துக்கு அனுமதி கேட்கிறது. 'இதை வீட்டில் யார் யார் தொடுவீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டால் குறைந்தா போய்விடும்?

பெரியவருக்கு 'பட்டறை' என்று பூட்டில்லாத கணக்கு ஒன்று போட்டு, படங்களை அதற்கு மாற்றிக் கொடுத்தேன். பேங்க் சமாச்சாரம் பேரன் கணக்கிலேயே இருக்கட்டும்.

"அப்ப சுவத்துல இருக்கறதை அழிச்சுடட்டுங்களா?"

"அழிச்சா மட்டும் பத்தாதுங்க ஐயா. நானே பார்த்துட்டேன். பேரன் வந்ததும் வேற வெக்கச் சொல்லுங்க."