பாட்டுக்கு முன்னால் ஒரு குரல்

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில், நிலாக்காலத்தில் மீன் பாடும் என்பார்கள். வெறுங்காதுக்கு அது எளிதில் எட்டாது. தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். ஈழத்துப் பொப் இசைக்கு அந்தத் துடுப்பாக இருந்தவர் வானொலி அறிவிப்பாளர். இந்த இசையைப் பற்றி எழுதுவோர் பாடகர்களோடு நின்றுவிடுகிறார்கள். அறிவிப்பாளருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. அந்த ஒரு வரி போதாது.

இந்த இசையின் வேர்களில் ஒன்று கிழக்கிலும் ஓடுகிறது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள்; பத்தாண்டில் அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. ஆட்சி போனாலும் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினும் கிற்றாரும் கப்ரிஞ்ஞா ஆட்டமும் தங்கிவிட்டன. அந்த ஆறெட்டு நடையைச் சிங்களத்தில் பைலாவாக ஊரறியச் செய்தவர் பொலிஸ்காரரான வொலி பஸ்டியன்.

தமிழில் அது துள்ளியெழுந்தது அறுபதுகளில். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்த அம்பாறையில், ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் படிக்க வந்த உரும்பிராய் இளைஞர் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் வீட்டுப் பேச்சு அப்படியே பாட்டாயிற்று. திருகோணமலையிலிருந்து பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் வந்தார்கள். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டி, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் ஒலித்தது. மனோகரனைத் தமிழ்நாடு 'சிலோன் மனோகர்' என்றே அழைத்தது. நாடே பெயரின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

இலங்கை வானொலியில் திரைப்பாட்டே பெருவெள்ளம். அதற்கு நடுவே உள்ளூர்ப் பாட்டுக்கு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. எஸ். கே. பரராஜசிங்கம் தாமே பாடகர், ஒலிபரப்பாளரும் கூட; ஈழத்து மெல்லிசை தனி வகையாக நிலைகொண்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று அறிவிப்பாளர் பாட்டுக்கு முன் சொல்வதை நான் காணி உறுதிக்கு ஒப்பிடுவேன். அந்தப் பெயர்கள் இல்லாத பாட்டு எவருக்கும் சொந்தமாகிவிடும்.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. மறு ஆண்டே 1983 கலவரம். பின்னர் போர். நித்தி அவுஸ்திரேலியாவுக்குப் போனார். பி. எச். அப்துல் ஹமீத் வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பின்னர் சன் தொலைக்காட்சிக்குச் சென்று உலகத் தமிழர் வீடுகளில் நுழைந்தது. அவர் தமிழ் உச்சரிப்பு எங்களுக்குப் பெருமை. ஆனால் அந்த மேடையில் ஆட்சி திரைப்பாட்டுக்கே. ஈழத்துப் பாட்டுக்கும் அப்படியொரு மேடை கிடைத்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

இந்தியாவில் மின்னணு நடன இசைக்கு அப்படியொரு மேடை வாய்த்தது, அதுவும் ஓர் அறிவிப்பாளர் முன்னின்றதால். எம்டிவி தொகுப்பாளர் நிகில் சின்னப்பா தொலைக்காட்சியில் பேசியதோடு நிற்கவில்லை. தாமே இசைத்தட்டுச் சுழற்றினார், 2007இல் கோவாவின் கண்டோலிம் கடற்கரையில் தொடங்கிய சன்பேர்ன் விழாவை முன்னின்று நடத்தினார்.

கல்லடியில், 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகளின் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பறங்கியர் வயலினையும் பொப் பாடல்களையும் சேகரிக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பழைய ஒலிநாடாக்களைப் பிரதியெடுக்கும்போது பாட்டை மட்டும் வெட்டியெடுக்காமல், அதற்கு முன்னால் வரும் அறிவிப்பாளரின் இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே எடுக்கட்டும்.