நாலு வரி டைரி

உத்தமபாளையம் போன்ற ஊரில், நர்சரி பிரைமரி பள்ளிப் பைக்குள் இருப்பவற்றில் மெச்ச வேண்டியது டைரிதான். அந்த ஊர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் பெற்றோர் பலர் விடியுமுன்பே ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். திராட்சைத் தோட்ட வேலையும் அப்படித்தான். டீச்சரைப் பார்க்க அவர்களுக்கு ஏது பகல்? கடைசி பீரியடில் கரும்பலகையைப் பார்த்துப் பிள்ளை எழுதிவரும் நாலு வரிதான், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, டீச்சரையும் பெற்றவர்களையும் பேசவைக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி நொடியில் போய்விடுமே என்பார்கள். போகும், பிள்ளையைத் தாண்டிப் போகும். டைரியிலோ செய்தியை எழுதுவதும் பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவதும் பிள்ளை. படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கும் சேதி எட்டிவிடும்.

முதல் இரண்டு வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாதென்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே, பிறகு டைரி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வீட்டுப்பாடம் அதில் ஒரு பகுதிதான். ‘நகம் வெட்டவும்’, ‘மதியம் சாப்பிடவில்லை’ என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. என் குறை வேறு: டைரியில் விதிமுறைகளைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பவர்கள், பெற்றோர் பதில் எழுத விடுவது கட்டைவிரல் அகலம்.