தோளா? தொண்டா?

தோல்வி எந்தக் கட்சியையும் கொல்வதில்லை. தோல்விக்குப் பின் அது தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானந்தான் கொல்லுகிறது. தேர்வில் தவறிய மாணவன் வினாத்தாளைத் திட்டுவதை வகுப்பறையில் நாம் காண்கிறோம். அரசியலிலும் அதுவே நடக்கிறது.

1967-ஐ எண்ணிப் பாருங்கள், தோழர்களே! விருதுநகரில் காமராசரே தோற்றார். காங்கிரசு ஆட்சியை இழந்தது. ஆயினும் அது பெற்ற வாக்கு நூற்றுக்கு 41. வென்ற தி.மு.க. பெற்றதைவிடச் சற்று அதிகம்! வாக்களித்தவருள் நூற்றுக்கு 41 பேர் கைவிடாத கட்சி, பின்னர் கோட்டைக்குத் திரும்பவே இல்லை. ஏன்?

சினிமா மயக்கம் என்றனர் சிலர். மூன்று படி அரிசி ஆசை என்றனர் சிலர். அரிசிக்காகக் காத்து நின்ற தாயின் கால்வலியை எண்ணினரா? 1965-இல் இந்தியை எதிர்த்த இளைஞர்மீது பாய்ந்த குண்டுகளை எண்ணினரா?

கையிலிருந்த செல்வத்தையாவது காத்தனரா? குலக்கல்வித் திட்டத்தை 1954-இல் கைவிட்டு, ஊர்தோறும் பள்ளி திறந்தவர் காமராசர். பெரியாரால் பச்சைத் தமிழர் என்று போற்றப்பட்டவர். அவருடைய பழைய காங்கிரசு 1971-இல் யாருடன் கைகோத்தது? குலக்கல்வியைக் கொணர்ந்த இராசாசியின் சுதந்திராக் கட்சியுடன்! கிடைத்தவை 15 இடங்கள். இந்திரா காங்கிரசோ, நாடாளுமன்ற இடங்களுக்காகச் சட்டமன்றக் களத்தையே விட்டு விலகியது. 1989-இல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்றபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 20 வாக்குகளும் 26 இடங்களும் வந்தன. அதை விதையாக்கி உழைத்தனரா? 1991-இல் மீண்டும் அ.தி.மு.க.வின் தோளில் ஏறினர்.

1977-இல் தோற்ற தி.மு.க. 1989-இல் மீண்டதும் எதிரணியின் பிளவால்தானே என்பர். பிளவு உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கிளைகள் கலையவில்லை; கொடி இறங்கவில்லை. காற்று வந்தபோது பாய் விரிக்கப் படகு இருந்தது!

திமிரி வட்டாரத்தில் வாழும் நாம் ஒன்று கேட்கிறோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைப் பாழாக்கியபோது, உச்சநீதிமன்றப் படியேறி 1996-இல் தீர்ப்புப் பெற்றது வேலூர் குடிமக்கள் நல மன்றம். அந்த வழக்கு ஏன் ஒரு கட்சியின் பெயரால் எழவில்லை? ஆட்சியில் இல்லாதவனுக்கு அதைவிட வேறென்ன வேலை?

போன வாக்காளர் எந்தக் குறையோடு போனாரோ, அந்தக் குறையின் வாசலில்தான் அவரைத் திரும்பக் காணமுடியும். அங்கே செல்லக் கூட்டணித் தோள் வேண்டாம். சொந்தக் கால்கள் போதும்!