அர்டுவினோ ஊனோ: ஒரு மதிப்பீடு

தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்து வளரும் மாணவருக்கு, மோட்டார்ப் படகு ஒன்றைத் தாமே செய்து ஓட்ட ஆசை எழுவது இயல்பே. இத்தாலியில் 2005-இல் தோன்றிய அர்டுவினோ வரிசையில் 'ஊனோ' பலகை புதியவருக்கு ஏற்றது. அதன் மின்சுற்றுப் படம் ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட்டிருப்பது பெருஞ்சிறப்பு.

ஆனால், அதன் ஒரு முனையிலிருந்து பாதுகாப்பாகப் பெறக்கூடியது 20 மில்லி ஆம்பியரே. சிறு மோட்டாரோ சில நூறு மில்லி ஆம்பியர் கேட்கும்! நேரே இணைத்தால் சில்லு கெடும். இடையே இயக்கிச் சுற்று தேவை.

பல தொகுப்புகளில் தரப்படும் எல்298 இயக்கி, 1 ஆம்பியர் ஓடும்போது சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். 6 வோல்ட் மின்கல அடுக்கில் மோட்டாருக்கு எஞ்சுவது 4 வோல்ட்தான்; படகு தள்ளாடும். இது பெருங்குறை. மாஸ்ஃபெட் இயக்கியுள்ள தொகுப்பே மேல். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்குமாதலால், பலகையை மூடிய டப்பாவில் வையுங்கள்.

உதிரிப் பாகங்களின் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். எந்த இயக்கி என்று கேட்டு வாங்குங்கள்.