பாட்டும் பந்தியும்
வேதநாயகம் சாஸ்திரியார் குறித்து ஒரு மறுநோக்கு

தமிழுக்குக் கிறிஸ்தவம் ஆற்றிய தொண்டினை எடுத்துரைக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலையே திரும்பத் திரும்பத் தருகின்றன. அச்சுப்பொறி வந்தது; உரைநடை வளர்ந்தது; அகராதி தோன்றியது; வீரமாமுனிவர் தேம்பாவணி செய்தார். இவை யாவும் உண்மையே. ஆயினும் புதிதாக வந்த ஒரு சமயம் தமிழ்க் குடும்பமொன்றின் அன்றாட வாழ்வுக்குள் எவ்வாறு நுழைந்தது என்ற வினாவை இப்பட்டியல்கள் எழுப்புவதில்லை. கோட்பாட்டை ஏற்றுக்கொள்வது ஒன்று. அக்கோட்பாடு காலையில் விழித்தெழும்போதும், கலியாணப் பந்தலிலும், இழவு வீட்டிலும் மனிதனோடு உடனிருப்பது வேறொன்று. இரண்டாவதற்குப் பாட்டு வேண்டும், பழக்கம் வேண்டும், பரம்பரை வேண்டும். தமிழ்ப் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்களுக்கு இவற்றை வழங்கியவருள் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864).

அவரை மதிப்பிடுவோர் இரு வகையினராக உள்ளனர். ஒரு சாரார் அவரைச் 'சுவிசேடக் கவிராயர்' எனப் போற்றி, அவரது வாழ்வின் இடர்ப்பாடான பகுதியைச் சொல்லாமல் விடுகின்றனர். மற்றொரு சாரார் அவரைச் சாதியாசாரம் காத்த நிலவுடைமைக்காலப் புலவர் என ஒரே வரியில் ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு பார்வைகளும் நிறைவற்றவை. சாஸ்திரியாரின் சாதனையும் அவரது எல்லைப்பாடும் ஒரே வேரினின்று முளைத்தவை. ஒன்றை விலக்கி மற்றொன்றை விளங்கிக்கொள்ள இயலாது.

திருநெல்வேலிச் சீமையிற் சைவ வேளாளராயிருந்து கிறிஸ்தவராகிய குடும்பமொன்றிலே சாஸ்திரியார் பிறந்தார். இளமையிலேயே அவரது ஆற்றலைக் கண்ட ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (1726 - 1798) அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். பின்னாளில் தஞ்சை மன்னராகிய இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணாக்கரே. ஒரே ஆசிரியரிடம் பயின்ற இவ்விருவருள் ஒருவர் அரியணையிலும் மற்றவர் மிஷன் பள்ளியிலும் அமர்ந்தனர். 1706 இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியிற் கால்வைத்த நாள் முதலாக ஒரு நூற்றாண்டாக உருப்பெற்றுவந்த லுத்தரன் மரபின் முதிர்ந்த கனியாகச் சாஸ்திரியாரைக் கொள்ளலாம். உள்ளத்தின் பக்தியையும் வேதவாசிப்பையும் பாடலையும் வற்புறுத்திய மரபு அது. தமிழ்ச் சமூக வழக்கங்களைப் பெரும்பாலும் குலைக்காமல் விட்ட மரபுமாகும். கோயிலுக்குள் வேளாளரும் ஏனையோரும் தனித்தனியே அமர்வதை அது நெடுங்காலம் அனுமதித்திருந்தது.

1800 ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு. குறவஞ்சி அக்காலத்தில் பழம் புலவர் ஏட்டிலே உறங்கிய வடிவமன்று. அரண்மனையிலும் கோயிலிலும் ஆடப்பட்டு மக்கள் கண்டு களித்த வடிவம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி தென்பாண்டி நாட்டிற் புகழுடன் விளங்கியது. சரபோஜியின் அவையிலும் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். ஆகவே சாஸ்திரியார் தேர்ந்தது மக்களின் செவிக்குப் பழக்கமான, உயிருள்ள ஒரு கலைவடிவத்தையாகும்.

குறவஞ்சியின் வழக்கமான அமைப்பு யாவரும் அறிந்ததே. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் நோயுறுகிறாள். குறத்தி வந்து குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். நூவன் துணையோடு பறவை பிடிக்கிறான். சாஸ்திரியார் இவ்வமைப்பைக் குலைக்காமல் அதன் பொருளை மாற்றினார். தலைவன் பெத்லகேம் நாதராகிய கிறிஸ்து, தலைவியாகிய தேவமோகினி சீயோன் குமாரத்தி, அதாவது திருச்சபை, குறத்தி விசுவாசம், சிங்கன் உபதேசி, பறவைகள் மனித ஆத்துமாக்கள், வலை சுவிசேடம். குறத்தி தன் மலைவளமும் நாட்டுவளமும் கூறுமிடத்தில் வேதாகம நிலங்கள் இடம்பெறுகின்றன. மேலைநாட்டார் வழியாக வந்த புதிய பூகோள அறிவும் வானசாத்திரமும் நூலிலே கலந்துள்ளன.

இம்மாற்றத்தால் நிகழ்ந்த இழப்பையும் பேற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். குற்றாலக் குறவஞ்சியிற் சிங்கனும் சிங்கியும் தமக்கெனச் சொந்த வாழ்வு உடையவர்கள். அவர்கள் பிணங்குவதும் கூடுவதும் வசந்தவல்லியின் காதலுக்கு அப்பாற்பட்ட தனிச்சுவை தருவன. பெத்லகேம் குறவஞ்சியிற் சிங்கனது பசியும் காமமும் பின்தள்ளப்படுகின்றன. கொக்கும் நாரையும் ஆத்துமாக்களாகிவிட்டபின் அவற்றைச் சமைத்துண்ணும் பேச்சுக்கு இடமேது? உருவகம் உடலை விழுங்கிவிடுகின்றது. இலக்கிய நோக்கில் இஃது ஓர் இழப்பே.

எனினும் பேறு அதனினும் பெரிது. மலைச்சாதிப் பெண்ணொருத்தி உயர்குலத் தலைவியின் வீட்டு முற்றத்துக்கு வந்து அவளது கையைத் தொட்டுக் குறி சொல்வது குறவஞ்சியின் மையக் காட்சி. சாஸ்திரியார் அக்குறத்தியையே விசுவாசத்தின் உருவமாக்கினார். சீயோன் மகள் தன் நாயகனை அறிவது அவளுடைய வாய்மொழியினாலேயாகும். கல்வியிலும் குலத்திலும் தாழ்ந்தவளென ஊரார் கருதுவோள் மீட்பின் செய்தியைச் சுமந்து வருகின்றாள். புலவர் இதனை எண்ணித் திட்டமிட்டு அமைத்தாரா என்பது வேறு வினா. அவர் தெரிந்துகொண்ட வடிவம் அவரை இவ்விடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது என்பது உறுதி. இக்காட்சியைப் பின்னர் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடுதல் அவசியமாகின்றது.

சாஸ்திரியாரின் பாடல்கள் வாழ்ந்த களம் கோயில் மட்டுமன்று, வீடுமாகும். 'ஜெபமாலை'யில் அடங்கும் கீர்த்தனைகள் தனித்தும் குழுவாகவும் பாடத் தக்கவை. 'ஞானத்தச்ச நாடகம்' படைப்பின் கதையையும் நோவாவின் பேழையையும் தச்சுத் தொழிலின் மொழியில் எடுத்துரைப்பது. 'சாஸ்திரக் கும்மி' சகுனம், சோதிடம் முதலிய நம்பிக்கைகளைக் கண்டிப்பது. கண்டனத்துக்குக் கும்மியைத் தெரிவுசெய்தமை நோக்கற்பாலது. கும்மி பெண்கள் கைகொட்டி ஆடும் பாட்டு. நாளும் கோளும் பார்க்கும் வழக்கம் எவ்விடத்தில் நிலைபெற்றிருந்ததோ அந்த முற்றத்துக்கே அவர் தம் வாதத்தைக் கொண்டுசென்றார். எழுத்தறிந்தோர் சிலராயும் கேட்டுப் பாடுவோர் பலராயும் இருந்த சமூகத்தில், வேதநூல் சென்றடையாத இடத்தைப் பாட்டு சென்றடைந்தது.

இப்பாடல்கள் அவரது குடும்பத்தின் வழியாகவே பேணப்பட்டன. வளர்ப்பு மகள் ஞானதீபமும் மகன் நோவா ஞானாதிக்கமும் அம்மரபைத் தாங்கினர். சாஸ்திரியார் என்னும் பட்டமும் பாடிப் பிரசங்கிக்கும் முறையும் வழித்தோன்றல்களிடம் தொடர்ந்தன. குருமாரின் ஆணையால் அன்றி, குடும்பத்தின் குரலால் ஒரு சமய மரபு நிலைத்தமைக்கு இது தக்க சான்று.

1820களில் நிலைமை மாறியது. தஞ்சை மிஷன் ஆங்கிலத் திருச்சபைச் சங்கமொன்றின் பொறுப்பில் வந்தது. புதிதாக வந்த மிஷனரிமார் பழைய ஒழுங்குகளை மாற்ற முற்பட்டனர். சாஸ்திரியார் அவர்களைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் எடுத்துரைத்த கொடுமைகள் நான்கு: பப்ரீசியஸ் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துதல், சாதிகளை ஒன்றாகக் கலக்கும்படி கட்டாயப்படுத்துதல், விழா முதலிய வேளைகளில் மலரை விலக்குதல், வழிபாட்டினின்று தமிழ்ப் பாடலையும் இசையையும் நீக்குதல்.

இந்நான்கினையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தவறு. வேதாகமத் திருத்தம் குறித்த அவரது அச்சத்தை விளங்கிக்கொள்ளலாம். தலைமுறையாகச் செவியிலும் நாவிலும் ஊறிய சொற்கள் மாறும்போது அடியாரின் மன்றாட்டே தடுமாறும். மலரும் இசையும் குறித்து அவர் சொன்னதோ முற்றிலும் நியாயமானது. மல்லிகைச் சரம் விக்கிரக ஆராதனையன்று; இராகமும் தாளமும் அஞ்ஞானமல்ல. ஐரோப்பியப் பழக்கத்தையே கிறிஸ்தவமெனக் கொண்டவர்களுக்கு எதிராக அவர் தமிழ் விசுவாசியின் தன்மானத்தைக் காத்தார். இன்று தமிழ்த் திருச்சபைகளிற் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன என்றால் அவ்வெதிர்ப்பு வீண்போகவில்லை என்பதே பொருள்.

சாதி பற்றிய முறைப்பாடு இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. சாதி உலகியல் ஒழுங்கு, சமயத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பதே வேளாளக் கிறிஸ்தவரின் வாதம். 1826 இல் தஞ்சைக்கு வந்த அத்தியட்சர் ஹீபரும் இவ்வாதத்துக்கு ஓரளவு செவிசாய்த்தார். ஆயின் இராப்போசனப் பந்தியிலே யார் முன், யார் பின் என்ற கேள்வி எழுமிடத்தில் அந்த வாதம் உடைந்துவிடுகின்றது. பந்தி உலகியல் விவகாரமன்று. கிறிஸ்தவ வழிபாட்டின் நடுநாயகமே அதுதான். அங்கே பேணப்படும் இடைவெளி விசுவாசத்தின் உள்ளேயே பேணப்படும் இடைவெளியாகும். குறத்தியின் கை தேவமோகினியின் கையைத் தொட்ட காட்சியைப் பாடியவர், அவ்விருவரும் அருகருகே அமர்வதை ஏற்கவில்லை. கவிதையிற் கடந்த எல்லையைக் கோயிலிற் கடக்க அவரால் இயலவில்லை.

காரணம் யாது? சாஸ்திரியார் கோழையல்லர். சரபோஜி மன்னர் சைவப் பொருளிற் குறவஞ்சி பாடும்படி கேட்டபோது அவர் மறுத்தார் என்று அவரது மரபினரிடையே ஒரு செய்தி வழங்கி வருகின்றது. புதிய மிஷனரிமாரின் சினத்துக்கு அஞ்சாமையால் மிஷன் பதவியையும் அவர் இழக்க நேர்ந்தது. அரசனுக்கும் ஆங்கிலேயருக்கும் பணியாதவர் ஆசாரத்துக்குப் பணிந்தார். மொழி, மலர், இசை, சாதி ஆகிய யாவும் அவருக்கு 'நம் வழக்கம்' என்ற ஒரே பெயரில் அடங்கின. வெளியார் ஒன்றைத் தாக்கினால் எல்லாவற்றையும் தாக்குவதாக அவர் கொண்டார். தாக்கியோரும் அவ்வாறே எண்ணினர். 1833 இல் அத்தியட்சர் டானியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடுமாறு சுற்றுநிருபம் விடுத்தார். அது நீதியான ஆணை. ஆனால் அந்நீதி, தமிழ் வழக்கங்களை இழிவாக நோக்கிய ஆட்சியாளரின் கையிலிருந்து வந்தது. இசையை விலக்கியோரே சமத்துவத்தையும் போதித்தமையாற் சமத்துவம் அந்நியச் சரக்காகத் தோன்றிற்று. இரு தரப்பாரும் பண்பாட்டையும் சாதியையும் ஒரே முடிச்சாகக் கண்டனர். அம்முடிச்சை அவிழ்க்கும் குரல் கடைசி வரிசையில் இருந்தோரிடமிருந்தே எழுந்திருத்தல் கூடும். அவர்களுடைய பாட்டை ஏட்டிலே பதிந்து காத்தவர் எவருமிலர். இவ்விவாதத்தின் மிகப்பெரிய மௌனம் அதுவே.

இவ்வரலாறு தஞ்சையோடு முடிவதன்று. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பாக்குநீரிணையைக் கடந்து யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் பாடப்படுகின்றன. பாட்டுடன் கூடவே பந்தியின் பிரச்சினையும் இங்கு இருந்தது. 1924 இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடக்கிய மாணவர் காங்கிரஸ் சமபந்தி போசனத்தைத் தன் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டமை நினைவுகூரத்தக்கது. தமிழ்ப் பண்பாட்டில் ஊன்றி நின்றவர்களே சாதியை எதிர்க்கலாம் என்பதை அவ்வியக்கம் செயலிற் காட்டியது. சாஸ்திரியாரும் அவரை எதிர்த்த மிஷனரிமாரும் காணத் தவறிய வழி அது.

சாஸ்திரியாரைப் பயில்வோர் முன் இரு கடமைகள் உள்ளன. அவரது பாடல்களைத் தமிழ் இலக்கியத்தின் ஓரத்தினின்று நடுவிடத்துக்குக் கொண்டுவருதல் ஒன்று. குறவஞ்சி வளர்ச்சியை ஆராய்வோர் பெத்லகேம் குறவஞ்சியைச் 'சமயப் பிரசாரம்' என ஒதுக்குவது நேர்மையாகாது. குற்றாலக் குறவஞ்சியும் சமய நூலே. மற்றையது, அப்பாடல்களுக்கு அருகே அவர் சாதி குறித்து எழுதிய கட்டுரைகளையும் வைத்துப் படித்தல். விசுவாசம் வாழ்வாக மாறும்போது அது எங்கே நின்றுவிடுகின்றது என்பதை அவை காட்டும். குறத்தியை வாசல்வரை அழைத்துவந்து பாடவைத்த புலவரை நன்றியோடு நினைவுகூரும் சமூகம், அவளுக்குப் பந்தியில் இடம் கொடுத்ததா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவும் கடமைப்பட்டுள்ளது.