நோனோகிராம்: வெற்றுக் கட்டத்தின் ருசி

இரவு நேரத்தில் ஒரு வானளாவிய கட்டடம். சில ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, சிலவற்றில் இல்லை. எந்த அறையில் விளக்கைப் போடுவது, எதில் அணைப்பது என்று திட்டமிட்டால் கட்டடத்தின் முகப்பிலேயே படம் வரைந்துவிடலாம். 1987-இல் டோக்கியோவில் நடந்த ஒரு போட்டியில் நோன் இஷிதா என்ற கிராபிக்ஸ் எடிட்டர் பரிசு வாங்கியது இந்த யோசனைக்குத்தான். அடுத்த ஆண்டே அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து 'விண்டோ ஆர்ட்' என்ற பெயரில் மூன்று புதிர்களை வெளியிட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில், புதிர் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட தெத்சுயா நிஷியோவும் தனியாக இதே வடிவத்தை எட்டியிருந்தார். 1990-இல் லண்டனின் சண்டே டெலிகிராஃப் வாராவாரம் இதைப் போடத் தொடங்கியபோது, ஜேம்ஸ் டால்கெட்டி என்பவர் இஷிதாவின் பெயரிலிருந்தே 'நோனோகிராம்' என்ற சொல்லை உண்டாக்கினார்.

விதி ஒன்றுதான். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் சில எண்கள் இருக்கும். '4 3' என்றால், அந்த வரிசையில் தொடர்ச்சியாக நான்கு கருப்புக் கட்டங்கள், குறைந்தது ஒரு வெற்றிடம், பிறகு தொடர்ச்சியாக மூன்று. குறுக்கே உள்ள எண்களும் நெடுக்கே உள்ள எண்களும் ஒருசேரப் பொருந்தினால் படம் வந்துவிடும்.

கட்டம் போட்ட நோட்டில் ஐந்துக்கு ஐந்து சதுரம் ஒன்று போட்டுப் பார்க்கலாம். குறுக்கு வரிசைகளுக்கு மேலிருந்து கீழாக 1, 3, 5, '2 2', '2 2'. நெடுக்கு வரிசைகளுக்கு இடமிருந்து வலமாக 3, 4, 3, 4, 3. மூன்றாவது குறுக்கு வரிசையில் யோசிக்கவே வேண்டாம், ஐந்தும் கருப்பு. '2 2' என்பதும் இரண்டு, ஓர் இடைவெளி, இரண்டு என்று ஐந்தையும் அடைத்துக்கொள்கிறது, நடுக்கட்டம் வெற்று. இப்போது நடு நெடுக்கு வரிசையைப் பாருங்கள். அதற்கு மூன்று கருப்பு வேண்டும், கீழே இரண்டு கட்டங்களோ மூடிவிட்டன. எனவே கருப்பு மேலேதான் போக வேண்டும், உச்சிவரை. அதன் இருபுறமும் நான்கு நான்கு. வீடு எழுந்துவிட்டது. அதன் வாசல், நிரப்பாமல் விட்ட அந்த இரண்டு கட்டங்கள்தான்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கருப்படிப்பதில் இருக்கிற ஆர்வம், 'இங்கே எதுவும் வராது' என்று சின்னப் பெருக்கல் குறி போடுவதில் இருப்பதில்லை. ஆனால் ஒரு குறி எவ்வளவு வேலை செய்கிறது! பத்துக் கட்ட வரிசை, எண் 5. ஆறாவது கட்டம் வெற்று என்று வேறு திசையிலிருந்து தெரியவருகிறது. வலப்பக்கம் மிஞ்சுவது நான்கே கட்டம், ஐந்து அங்கே நுழையாது. இடப்பக்கம் ஐந்தும் ஒரே வீச்சில் கருப்பாகின்றன. இந்த நொடிக்காகவே புதிரைப் போடலாம்.

ஒன்றுமே தெரியாத தொடக்கத்தில் உதவுவது, எண்ணை நகர்த்திப் பார்ப்பது. பத்துக் கட்டத்தில் '4 3' முடிந்தவரை இடப்பக்கம் ஒட்டினால் 1 முதல் 4, பிறகு 6 முதல் 8. வலப்பக்கம் தள்ளினால் 3 முதல் 6, பிறகு 8 முதல் 10. இரண்டு நிலையிலும் அதே எண்ணின் கீழ் கருப்பாக இருப்பவை 3, 4, 8. அவற்றைத் தயங்காமல் நிரப்பலாம்.

பாதிப் படம் தெரிந்ததும் 'இது பூனை' என்று காதை வரைந்துவிடும் சபலம் எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்வது நல்லது. 1995-இல் நின்டெண்டோ கேம் பாயில் கொண்டுவந்த 'மரியோஸ் பிக்ராஸ்' விளையாட்டில் தவறு செய்தால் நிமிடங்கள் கழியும், உடனே தெரிந்துவிடும். காகிதம் சொல்லாது. இருபது கட்டம் தள்ளி எங்கோ முட்டும்போதுதான் புரியும், அப்போது அழிரப்பர் எங்கிருந்து தொடங்குவது?

அந்தச் சபலத்துக்கு இடமே தராத புதிர் ஒன்று உண்டு. 2015 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்கியூ தன் வாழ்த்து அட்டையில் 25-க்கு 25 நோனோகிராம் ஒன்றைப் போட்டது. விடை ஒரு கியூஆர் கோடு. மூலைச் சதுரங்களைத் தாண்டினால் கண்ணுக்குப் பிடிபடும் உருவமே இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் காரணம் சொல்லித்தான் நிரப்ப வேண்டும். போனைக் காட்டினால் அடுத்த புதிருக்குக் கொண்டுபோனது.

பத்துக்குப் பத்து நன்றாகக் கைவந்த பிறகு, சொந்தமாக ஒன்று அமைத்து வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு சதுரத்தில் எல்லா எண்ணும் 1 என்றால், மூலைவிட்டம் இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம், இரண்டும் சரி. பெரிய படத்தில் இப்படி ஒரு மூலை ஒளிந்திருந்தால் போடுபவர் ஊகிக்கத்தான் முடியும். பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ பார்த்தால் பல சமயம் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.